பயாஸ் அப்டேட் பாதியில் நின்றால்: தொகுப்பிலிருந்து இமேஜ் எடுத்து மடிக்கணினியை மீட்கும் வழி, அறிகுறி வாரியாக

கோலாலம்பூரில் மாலை நாலரை மணிக்கு வானம் இருண்டு, இடி இடித்து, வீட்டில் மின்சாரம் டிரிப் ஆகும் நாள்கள் நமக்கெல்லாம் பழக்கம். அந்த நேரத்தில் மடிக்கணினித் திரையில் பயாஸ் அப்டேட் (இயக்கியதும் முதலில் ஓடி மடிக்கணினியை எழுப்பும் அடிப்படை நிரலின் அப்டேட்) ஓடிக்கொண்டிருந்தால்தான் ஆபத்து. பேட்டரி இருக்கிறதே என்று நினைப்போம். ஐந்து வருடப் பேட்டரி அறுபது சதவீதம் என்று காட்டும், சார்ஜர் போன மறுநொடி அடங்கிவிடும். மறுநாள் காலை செந்தூலில் என் மேசைக்கு முன்னால் யாராவது பையோடு வந்து நிற்பார்கள். "அண்ணே, அப்டேட் மட்டும்தான் போட்டேன். லைட் எரியுது, ஸ்கிரீன் வரல."

இதைச் சரிசெய்ய அந்த மாடலுக்கான பயாஸ் இமேஜ், அதாவது போர்டில் உள்ள பயாஸ் சிப்பில் எழுத வேண்டிய கோப்பு, வேண்டும். தயாரிப்பாளர் தரும் அப்டேட் தொகுப்புக்குள்ளேயே அது இருக்கிறது. அதை வெளியே எடுப்பதிலும், எடுத்ததை எழுதுவதிலும் ஒவ்வொருவர் ஒவ்வோர் இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். தொலைபேசியில் கேட்கிற தம்பிமாருக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னவற்றை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு எங்கே நின்றதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

ஆனால் எந்தத் தலைப்புக்குப் போனாலும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிப்பில் இப்போது என்ன இருக்கிறதோ அதைப் படித்துச் சேமிக்காமல் (எப்படிப் படிப்பது என்று கீழே தனித் தலைப்பில் இருக்கிறது) புரோகிராமர் வைத்து நீங்களாக ஒரு பைட்கூட எழுதாதீர்கள். "கெட்டுப்போனதுதானே, அதை எதற்கு வைத்துக்கொள்வது?" என்று கேட்பார்கள். தொகுப்பில் வரும் கோப்பு அந்த மாடல் முழுவதற்கும் பொதுவானது. உங்கள் இயந்திரத்தின் சீரியல் எண், அதோடு வந்த விண்டோஸ் சாவி, நெட்வொர்க் முகவரி ஆகியவை அதில் இல்லை, உங்கள் சிப்பில்தான் இருக்கின்றன. அப்டேட் பாதியில் நின்றாலும் அந்தப் பகுதிகள் பெரும்பாலும் தப்பித்திருக்கும். அழித்துவிட்டால் தொகுப்பிலிருந்து அவை திரும்ப வராது.

## லைட் எரிகிறது, திரை வரவில்லை

இன்னும் மூடியைக் கழற்ற வேண்டாம்.

முதலில் சார்ஜரை எடுத்துவிட்டு, பேட்டரி கழற்ற முடிந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் சார்ஜரை மட்டும் செருகி இயக்கி, ஐந்து நிமிடம் கையை வைக்காமல் காத்திருங்கள். சில இயந்திரங்கள் தாங்களாகவே மூன்று நான்கு முறை அணைந்து எழுந்து, உள்ளே இருக்கும் மாற்று நகலிலிருந்து மீண்டுவிடும். அவசரப்பட்டு இடையில் அணைப்பதால் கெட்டவை உண்டு.

அதில் வரவில்லை என்றால் தயாரிப்பாளரே வைத்திருக்கும் மீட்பு வழியைப் பாருங்கள். எச்பியில் விண்டோஸ் பட்டனையும் பி எழுத்தையும் (சில மாடல்களில் வி எழுத்தை) பிடித்துக்கொண்டே பவர் பட்டனை அழுத்த வேண்டும். டெல்லில் அணைந்த நிலையில் கண்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் பிடித்துக்கொண்டு சார்ஜரைச் செருக வேண்டும். ஏசர் மாடல்கள் பலவற்றில் எஃப்என், எஸ்கேப் பிடித்துக்கொண்டு பவர். மூன்றுக்குமே பென்டிரைவ் ஒன்று ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டு, சரியான கோப்பு சரியான பெயரில் உள்ளே இருக்க வேண்டும். டெல் மீட்பு தேடுவது 'பயாஸ்_ஐஎம்ஜி' என்ற பெயரில் 'ஆர்சிவி' என முடியும் கோப்பை. பெயர் ஆங்கில எழுத்தில், எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். எச்பி தொகுப்பை வேறொரு விண்டோஸ் கணினியில் இயக்கினால் மீட்பு பென்டிரைவ் செய்து தரவா என்று அதுவே கேட்கும்.

பென்டிரைவின் சின்ன விளக்கு மினுக்கினால் இயந்திரம் கோப்பைத் தேடுகிறது என்று பொருள். அப்போது பயாஸின் ஆரம்பப் பகுதி உயிரோடு இருக்கிறது, நம்பிக்கை வைக்கலாம். மினுக்கிவிட்டு நின்றுபோனால் கோப்பின் பெயரோ மாடலோ தவறு. கேப்ஸ் லாக் விளக்கு எண்ணிக்கையாகச் சிமிட்டினால் எத்தனை முறை என்று எழுதிக்கொண்டு, அந்த மாடலின் ஆதரவுப் பக்கத்தில் உள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். மெமரி கோளாறை பயாஸ் கோளாறு என்று நினைத்துக் கொண்டுவருகிறவர்கள் அதிகம்.

இங்கேயே நிறுத்த வேண்டிய கட்டம்: விளக்கே எரியவில்லை, போர்டு கருகிய வாடை வருகிறது, தண்ணீர் கொட்டிய வரலாறு இருக்கிறது. இவை பெரும்பாலும் பயாஸ் சம்பந்தப்பட்டவை இல்லை. போர்டு பழுது பார்க்கிறவரிடம் போக வேண்டியவை.

## தொகுப்பைத் திறந்தால் உள்ளே எதுவும் புரியவில்லை

7-ஜிப்பில் எக்ஸி கோப்பைத் திறந்தால் புள்ளியோடு தொடங்கும் இரண்டு மூன்று சின்னப் பெயர்கள் மட்டும் தெரியும். பயாஸ் மாதிரி எதுவும் இருக்காது. காரணங்களை எளிதானதிலிருந்து பார்ப்போம்.

முதலாவது, பதிவிறக்கம் முழுசாக வரவில்லை. தயாரிப்பாளர் தளத்தில் கொடுத்திருக்கும் ஷா-256 எண்ணோடு (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிடுங்கள், முடிந்தது. கோப்பைத் தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். யாரோ ஏற்றி வைத்த 'சோதித்த பயாஸ்' கோப்பில் அடுத்தவர் இயந்திரத்தின் சீரியல் எண்ணும் சாவியும் சேர்ந்தே வரும்.

இரண்டாவது, தொகுப்பு கட்டப்பட்ட விதம் வேறு. லெனோவோவின் தொகுப்புகள் பலவும் இன்னோ செட்டப் முறையில் கட்டப்பட்டவை. 7-ஜிப் அங்கே உதவாது. இன்னோஎக்ஸ்ட்ராக்ட் என்ற இலவசக் கருவி ஒரே கட்டளையில் பிரித்துவிடும். எச்பியின் சாஃப்ட்பேக் கோப்புகள் பெரும்பாலும் 7-ஜிப்பிலேயே திறக்கும். டெல் தன் கோப்பைப் பிஎஃப்எஸ் என்ற சொந்த அமைப்பில் அடைத்து வைக்கிறது. அதற்குப் பைதானில் எழுதப்பட்ட பயாஸ்யுடிலிட்டீஸ் என்ற திறந்த மூலத் தொகுப்பு இருக்கிறது. இன்சைட், ஏஎம்ஐ, ஃபீனிக்ஸ், தோஷிபா என்று மற்ற அமைப்புகளுக்கும் அதிலேயே தனித்தனிப் பிரிப்பான்கள் உண்டு. என் மேசைக் கணினியில் நான் முதலில் நிறுவியது அதைத்தான்.

மூன்றாவது வழி, எக்ஸியை இயக்கி முதல் திரை வந்ததும் அப்படியே விட்டுவிட்டு, விண்டோஸின் டெம்ப் ஃபோல்டரைப் பார்ப்பது. பல தொகுப்புகள் கேள்வி கேட்பதற்கு முன்பே தங்களை அங்கே பிரித்து வைத்துவிடும். அந்த ஃபோல்டரை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு ரத்து செய்யுங்கள். இதை அதே பிராண்டு இயந்திரத்தில் செய்யாதீர்கள். வேறு பிராண்டு, இல்லாவிட்டால் மெய்நிகர் கணினி. நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த கடை மடிக்கணினியில் இதைச் சோதிக்கப் போய், தொகுப்பு கேட்காமலேயே எழுதத் தொடங்கியதை நான் ஒருமுறை நேரில் பார்த்தேன். முடியும்வரை மூச்சுப் பிடித்து உட்கார்ந்திருந்தோம்.

## உள்ளே நாலைந்து கோப்புகள், என் இயந்திரத்துக்கு எது?

ஒரே தொகுப்பு பல போர்டுகளுக்கு வருவது சாதாரணம். எச்பியின் பல மாடல்களில் கோப்பின் பெயரே போர்டு அடையாள எண்தான், முன்னால் ஒரு சுழியம் சேர்ந்திருக்கும். அந்த அடையாளம் பயாஸ் அமைப்புத் திரையில் சிஸ்டம் போர்டு ஐடி என்று இருக்கும். திரையே வராத இயந்திரத்தில் அதை எப்படிப் பார்ப்பது? சிப்பிலிருந்து படித்து வைத்தீர்களே, அதில் தேடலாம். மாடல் பெயர், பயாஸ் பதிப்பு, போர்டு எண் மூன்றும் பெரும்பாலும் எழுத்தாகவே உள்ளே கிடக்கும். ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பை பைட் பைட்டாகக் காட்டும் மென்பொருள்) தேடினால் கிடைத்துவிடும்.

திங்க்பேட் தொகுப்பில் எஃப்எல்1, எஃப்எல்2 என்று முடியும் இரண்டு கோப்புகள் வரும். முதலாவது பயாஸ், இரண்டாவது விசைப்பலகை, சார்ஜிங், விசிறியைப் பார்த்துக்கொள்ளும் சிறு கட்டுப்பாட்டுச் சிப்புக்கானது. மாற்றி எழுதிவிடாதீர்கள். இன்சைட் வகைத் தொகுப்பில் எஃப்டி என்று முடிவது இமேஜ், கூடவே இருக்கும் பிளாட்ஃபார்ம் அமைப்புக் கோப்பு எந்த போர்டுக்கு எது என்று சொல்லும். மாடல் பெயரை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஒரே பெயரில் இன்டெல், ஏஎம்டி இரண்டும் விற்பனையில் இருக்கும்.

## சிப்பை இரண்டு முறை படித்தால் இரண்டு விதமாக வருகிறது

நேரத்தைத் தின்பது இந்தக் கட்டம்தான். இதைச் சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் திருத்தக்கூடியது, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் சிஎச்341ஏ புரோகிராமரும், சிப்பின் மேல் மாட்டும் எட்டுக்கால் கிளிப்பும் புடு ஜாலான் பாசார் கடைகளில் சில பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். வாங்கி வந்து, சிப்பைப் படித்து, ஷா-256 எடுங்கள். கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டி இன்னொரு முறை படியுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக வந்தால்தான் அது நகல். வரவில்லை என்றால் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

### மின்சாரம் இன்னும் உள்ளே இருக்கிறதா?

சார்ஜர், உள்பேட்டரியின் இணைப்பு, வட்டமான சின்ன சிமோஸ் பேட்டரி மூன்றையும் எடுக்க வேண்டும். உள்பேட்டரியை மறந்துவிட்டுக் கிளிப் மாட்டுகிறவர்கள்தான் நிறையப் பேர்.

### கிளிப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா?

சிப்பின் ஒரு மூலையில் இருக்கும் சின்னப் புள்ளி முதல் கால். கிளிப்பின் சிவப்பு ஒயர் அந்தப் பக்கம் வர வேண்டும். கால்களில் பிசின் பூச்சு இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேயுங்கள். நீளமான ஒயர் தொந்தரவு செய்யும், குறுகியதே நல்லது.

### எத்தனை வோல்ட் சிப்?

இதைப் பார்க்காமல் கிளிப்பை மாட்டவே கூடாது. உருப்பெருக்கியில் சிப்பின் எழுத்தைப் படியுங்கள். வின்பாண்ட் டபிள்யூ25கியூ64 என்பதற்குப் பிறகு எஃப்வி என்றிருந்தால் 3.3 வோல்ட், எஃப்டபிள்யூ என்றிருந்தால் 1.8 வோல்ட். விலை குறைந்த ஏட்டம், செலரான் வகைச் சின்ன மடிக்கணினிகளில் 1.8 அடிக்கடி வரும். அதற்கு இடையில் மாட்டும் 1.8 வோல்ட் அடாப்டர் தேவை. வின்பாண்டின் 128 மெகாபிட் சிப்பாக இருந்தால், மாட்டிய பிறகு மென்பொருள் காட்டும் அடையாளத்திலும் உறுதிசெய்துகொள்ளலாம்: இஎஃப் 40 18 என்றால் 3.3, இஎஃப் 60 18 என்றால் 1.8.

பரவலாக விற்கும் கறுப்பு நிற சிஎச்341ஏ பலகையில் டேட்டா கால்களில் 5 வோல்ட் வருகிறது. 3.3 என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான். பல சிப்புகள் தாங்கிக்கொள்கின்றன, ஆனால் கூடவே இணைந்திருக்கும் பிராசசர் பக்கத்தை நான் அந்தச் சோதனைக்கு விடமாட்டேன். மீட்டரில் அளந்து பாருங்கள். வோல்ட்டேஜ் தேர்வு பட்டன் உள்ள பலகை கொஞ்சம் விலை கூட, வாங்கிவிடுவது நல்லது.

### எல்லாம் சரி, இன்னும் வேறுபடுகிறது

போர்டில் இருந்தபடியே சிப்புக்கு மின்சாரம் கொடுக்கும்போது, அது பக்கத்துப் பகுதிகளுக்கும் கசிந்து புரோகிராமரின் பலம் போதாமல் போகும். அப்போது சிப்பை ஹாட் ஏர் வைத்துக் கழற்றித் தனியாகப் படிக்க வேண்டும். ஈய வேலை பழக்கமில்லாதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். கால்களே வெளியே தெரியாத தட்டை வகைச் சிப்பாக இருந்தாலும் அப்படியே. பழுதுபார்ப்பவரிடம் "படித்து மட்டும் கொடுங்கள், எதுவும் எழுத வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள்.

ஒரே மாதிரி இரண்டு நகல் கிடைத்ததும் கோப்புப் பெயரில் மாடல், தேதி, 'மூலம்' என்று எழுதி, இரண்டு இடங்களில் வையுங்கள். என்னிடம் வருகிற ஒவ்வோர் இயந்திரத்தின் மூலமும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஆறு மாதம் கழித்து ஒருவர் வந்து கேட்டபோது அது உதவியிருக்கிறது.

## கோப்பின் அளவும் சிப்பின் அளவும் ஒத்துவரவில்லை

சிப் அளவுகளை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. 8 எம்பி என்றால் 8,388,608 பைட், 16 எம்பி என்றால் 16,777,216, 32 எம்பி என்றால் 33,554,432. பிரித்தெடுத்த கோப்பு இதில் ஒன்றோடு சரியாக ஒத்திருந்தால் வேலை பாதி முடிந்தது. ஒத்திராவிட்டால் மூன்று கிளை.

### கோப்பு கொஞ்சம் பெரிதாக இருக்கிறது

முன்னாலோ பின்னாலோ ஹெட்டர், கையொப்பம் போன்றவை ஒட்டியிருக்கின்றன. ஏசூஸின் கேப் வகைக் கோப்புகள் நல்ல எடுத்துக்காட்டு. அளவு 16,779,264 என்று வந்தால் 16,777,216-ஐக் கழித்துப் பாருங்கள், 2,048 மிஞ்சும். அந்த முதல் 2,048 பைட் உறை. யுஇஎஃப்ஐடூலில் (பயாஸ் கோப்பின் உள்பகுதிகளைப் பிரித்துக் காட்டும் கருவி) திறந்தால் உறையும் உள்ளே உள்ள இமேஜும் தனித்தனியாகத் தெரியும், உள்ளேயுள்ளதை மட்டும் 'உடல்' என்ற தேர்வில் வெளியே எடுக்கலாம். உறையோடு சேர்த்து எழுதினால் எல்லாம் 2,048 பைட் தள்ளிப்போய் இயந்திரம் எழவே எழாது.

### கோப்பு மிகச் சிறிதாக இருக்கிறது

இன்டெல் இயந்திரங்களில் சிப் பல பகுதிகளாகப் பிரிந்திருக்கும். முதல் 4 கேபி டிஸ்கிரிப்டர், அதாவது மற்ற பகுதிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்ற வரைபடம். ஹெக்ஸ் எடிட்டரில் பதினாறாவது இடத்தில் 5ஏ ஏ5 எஃப்0 0எஃப் என்று தெரிந்தால் டிஸ்கிரிப்டர் இருக்கிறது. அப்புறம் எம்இ பகுதி (இன்டெல்லின் மேனேஜ்மென்ட் எஞ்சின் நிரல்), இன்டெல்லின் கம்பிவழி நெட்வொர்க் சிப் உள்ள போர்டுகளில் 8 கேபி அளவு நெட்வொர்க் பகுதி, கடைசியில் பயாஸ் பகுதி. அப்டேட் தொகுப்பில் பல நேரம் இந்தக் கடைசிப் பகுதி மட்டும்தான் வரும். ஏஎம்டி இயந்திரங்களில் இந்த டிஸ்கிரிப்டர் கிடையாது. அங்கே தொகுப்புக் கோப்பு பெரும்பாலும் முழு அளவிலேயே வருவதால் இந்தக் கிளையின் தலைவலி குறைவு.

8 எம்பி சிப்புக்கு 6,291,456 பைட் கோப்பு வந்திருக்கிறது என்று வையுங்கள். அது 6 எம்பி. மூல நகலை யுஇஎஃப்ஐடூலில் திறந்தால் பயாஸ் பகுதி 2,097,152-ஆவது இடத்தில் தொடங்குவதாகக் காட்டும். அந்த இடத்தில்தான் கோப்பு உட்கார வேண்டும். மிச்ச இடத்தை எஃப்எஃப் போட்டு நிரப்பி, சுழியத்திலிருந்து எழுதுகிறவர்கள் டிஸ்கிரிப்டரையும் எம்இயையும் சேர்த்து அழிக்கிறார்கள். மூல நகல் இல்லாதவர்களுக்கு அது மிகப் பெரிய இழப்பு.

ஒட்டுவதற்கு முன் இன்னொன்று. சீரியல் எண், விண்டோஸ் சாவி, அமைப்புகள் பெரும்பாலும் பயாஸ் பகுதிக்குள்ளேயே என்விராம் (அணைத்தாலும் அழியாத நினைவு) போன்ற ஒரு சின்ன இடத்தில் இருக்கும். முழுப் பகுதியையும் புதிதால் மூடினால் அவை போய்விடும். நான் செய்வது இதுதான்: இயந்திரத்தில் இருந்த பதிப்பு அல்லது அது எழுதிக்கொண்டிருந்த பதிப்பின் தொகுப்பை எடுப்பேன். மூல நகலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் யுஇஎஃப்ஐடூலில் திறந்து, என்விராம் வால்யூம் இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் புதிய இமேஜில் அந்த வால்யூமை மட்டும் மூலத்திலிருந்து எடுத்து ஹெக்ஸ் எடிட்டரில் மேலெழுதுவேன். செருகக் கூடாது, மேலெழுத வேண்டும். முடித்ததும் மொத்த அளவு ஒரு பைட்கூட மாறியிருக்கக் கூடாது. யுஇஎஃப்ஐடூலின் 0.28 பதிப்பில் நேரடியாகவே மாற்ற முடியும். புதிய என்இ பதிப்புகளில் பார்க்கலாம், எடுக்கலாம், மாற்ற முடியாது. எனக்கு ஹெக்ஸ் எடிட்டர்தான் பிடிக்கும், கை வைத்த இடம் கண்முன்னே தெரியும்.

இப்படி எழுதியும் திரை வரவில்லை என்றால், என்விராமே கெட்டிருக்கலாம். அப்போது தொகுப்பின் சுத்தமான என்விராமோடு எழுதிப் பாருங்கள். எழுந்துவிட்டால் சீரியல் எண்ணைப் பிறகு சேர்க்கலாம், மூலத்தில் அது பத்திரமாக இருக்கிறதே.

### 12 எம்பி கோப்பு, அப்படி ஒரு சிப்பே இல்லை

போர்டில் இரண்டு சிப் இருக்கிறது. 8 எம்பி ஒன்று, 4 எம்பி ஒன்று. 12,582,912 பைட் கோப்பை முதல் 8,388,608, மிச்சம் 4,194,304 என்று இரண்டாகப் பிரித்து அததில் எழுத வேண்டும். டிஸ்கிரிப்டர் உள்ளது முதல் சிப். படிக்கும்போதே எது எது என்று படம் எடுத்துக் குறித்து வையுங்கள்.

## யுஇஎஃப்ஐடூல் எதையும் காட்டவில்லை

நல்ல இமேஜில் அடிக்கோடும் எஃப்விஎச் என்ற மூன்று எழுத்தும் சேர்ந்த குறி பல இடங்களில் வரும். ஒன்றுகூட இல்லை என்றால் நீங்கள் பிடித்திருப்பது இன்னும் உறைக்குள் இருக்கும் கோப்பு. இன்சைட் தொகுப்பாக இருந்தால் ஐஎஃப்ளாஷ் என்று வரும் குறிகளைத் தேடுங்கள், பயாஸ்யுடிலிட்டீஸ் அதைப் பிரிக்கும். ஏஎம்ஐபிஎஃப்ஏடி என்று குறி இருந்தால் இன்டெல் பயாஸ் கார்டு முறையில் துண்டு துண்டாகக் கட்டியிருக்கிறார்கள், அதற்கும் அங்கே தனிக் கருவி உண்டு.

எந்தக் கருவியும் பிரிக்கவில்லை, கோப்பு முழுக்க ஒழுங்கே இல்லாத எழுத்துகளாக இருக்கிறது என்றால் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அதை உடைக்க இரவெல்லாம் உட்கார வேண்டாம். அந்தக் கோப்பை இயந்திரத்தின் சொந்த மீட்பு வழிதான் திறக்கும், மேலே சொன்ன பென்டிரைவ் முறைக்குத் திரும்புங்கள். பழைய பதிப்புத் தொகுப்பு குறியாக்கம் இல்லாமல் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் அதே போர்டின் நகல் வைத்திருக்கும் பழுதுபார்ப்பவரைத் தேட வேண்டியதுதான்.

## எழுதியாயிற்று, இன்னும் உயிர் வரவில்லை

எழுதிய பிறகு சரிபார்ப்பு ஓட்டினீர்களா? அதில் பிழை வந்தால் மறுபடி கிளிப், வோல்ட்டேஜ் தலைப்புக்குப் போங்கள். சரி என்று வந்தால் முதல் இயக்கத்துக்கு நேரம் கொடுங்கள். மெமரியைப் புதிதாகப் பழகிக்கொள்ளும், இரண்டு மூன்று முறை அணைந்து எழும். ஒரே ஒரு மெமரி பட்டையோடு சோதிப்பது நல்லது.

எழுகிறது, முப்பது நிமிடத்தில் அணைகிறது, அல்லது விசிறி முழு வேகத்தில் ஓடுகிறது. எம்இ பகுதி கெட்டிருக்கிறது, அல்லது வேறு போர்டின் எம்இயைப் போட்டிருக்கிறீர்கள். மூல நகலின் எம்இ பகுதியைத் திரும்ப வைத்துப் பாருங்கள். அதுவே கெட்டிருந்தால் சுத்தமான எம்இயைக் கட்டமைத்துப் போட வேண்டும். அது பழகியவர் கைக்கு உரிய வேலை, இந்தக் கட்டத்தில் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒரு நொடி விளக்கு எரிந்து உடனே அணைகிறது. 2013-இல் வந்த நான்காம் தலைமுறை முதல் பல இன்டெல் இயந்திரங்களில் பூட் கார்டு இருக்கிறது. பயாஸின் ஆரம்பப் பகுதி தயாரிப்பாளரின் கையொப்பத்தோடு ஒத்துப்போகாவிட்டால் இயந்திரம் ஓட மறுக்கும். அந்தப் பகுதியில் தெரியாமல் ஒரு பைட் மாறியிருந்தாலும் போதும். தொகுப்பின் கோப்பைத் தொடாமல் மறுபடி எடுத்து ஆரம்பத்திலிருந்து செய்யுங்கள்.

எதுவுமே மாறவில்லை. கட்டுப்பாட்டுச் சிப்பின் நிரல் கெட்டிருக்கலாம். சில போர்டுகளில் அது தனிச் சிறு சிப்பில் இருக்கும், சிலவற்றில் கட்டுப்பாட்டுச் சிப்புக்குள்ளேயே இருக்கும். பின்னதை இந்தப் புரோகிராமரால் எழுத முடியாது. இதற்கு மேல் வீட்டு மேசையில் செலவழிக்கும் பணம் வீண்.

## ஓடுகிறது, ஆனால் சீரியல் எண் இல்லை, அல்லது விண்டோஸ் சாவி கேட்கிறது

மூல நகலில் இருபத்தைந்து எழுத்துச் சாவியை ஐந்தைந்தாகக் கோடு போட்ட வடிவில் தேடுங்கள், எம்எஸ்டிஎம் என்ற குறிக்குப் பக்கத்தில் கிடைக்கலாம். கிடைத்தால் விண்டோஸில் கையால் தட்டிவிடலாம். சீரியல் எண் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும், அதை உள்ளே எழுதும் கருவி தயாரிப்பாளரின் சேவை மையத்தில் உண்டு. உத்தரவாதம் மிச்சம் இருந்தால் அங்கேயே கேளுங்கள்.

பயாஸ் கடவுச்சொல் போட்ட இயந்திரத்தைக் கொண்டுவந்து, இதே முறையில் நீக்கித் தரச் சொல்கிறவர்களும் உண்டு. வாங்கிய ரசீது இல்லாமல் நான் தொடுவதில்லை. தொலைத்தவர் ஒருவர் எங்கோ தேடிக்கொண்டிருக்கக்கூடும்.

இவற்றைவிட என்னைக் கவலைப்பட வைப்பது பிட்லாக்கர், அதாவது விண்டோஸ் வட்டுக்குப் போடும் பூட்டு. போன வருடம் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியையின் மடிக்கணினியை மாலைக்குள் எழுப்பிவிட்டேன். நீலத் திரை வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. "தம்பி, அப்படி ஒண்ணு நான் எழுதி வைக்கவே இல்லையே" என்றார், கை நடுங்கியது. மூன்று வருட வினாத்தாள்களும் மாணவர் பதிவுகளும் உள்ளே. பயாஸ் மாறினாலோ எம்இயைச் சுத்தம் செய்தாலோ அந்தப் பூட்டின் சாவியை வைத்திருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி அதைத் தராது. வட்டு பூட்டியபடியே இருக்கும். பலருக்குத் தாங்கள் பிட்லாக்கர் போட்டதே தெரியாது, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தபோது விண்டோஸே போட்டிருக்கும். அப்படிப் போட்டிருந்தால் எண் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். ஆசிரியையின் கைப்பேசியில் கணக்கைத் திறந்தோம், சாதனங்கள் பட்டியலுக்குள் இருந்தது. ஒவ்வோர் இலக்கமாக அவர் வாசிக்க நான் தட்டினேன்.

கணக்கிலும் இல்லை, அலுவலகத்திலும் இல்லை என்றால் வட்டில் உள்ளதை யாராலும் எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்கிறவரை நம்பாதீர்கள். அதற்கு முன் பழைய மூல நகலை அப்படியே திரும்ப எழுதிப் பார்ப்பது ஒன்று மிச்சம் இருக்கிறது. அப்டேட் பாதியில் நிற்காமல் முழுசாக முடிந்து, பிறகு நீங்கள் மாற்றியதால் பூட்டிக்கொண்ட இயந்திரங்களில் அது சில வேளை கதவைத் திறந்திருக்கிறது.

கடையில் கொடுக்க முடிவு செய்தால் மடிக்கணினியோடு இவற்றையும் கொண்டுபோங்கள்: ஒன்றுபோல் வந்த இரண்டு நகல்கள், நீங்கள் பயன்படுத்திய தொகுப்பும் அதன் பதிப்பு எண்ணும், சிப்பின் எழுத்து தெரியும் படம், இதுவரை எதை எந்த வரிசையில் செய்தீர்கள் என்ற குறிப்பு. தவறாக ஏதாவது எழுதியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எனக்கு அரை நாள் வேலை அதில் மிச்சமாகும், உங்களுக்கு அதற்கான கூலியும் மிச்சமாகும்.